பதினோரு விநாடித் துணி

“என் குரலையே துணியில ஏத்திடும்மா. அவளுக்கு என்ன தெரியப்போகுது?”

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். இழுப்பு நோய்க்காரர், இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கித்தான் பேசுவார். எதிரே தறியில் உட்கார்ந்திருந்த நெசவுக்காரி தறியை நிறுத்தினாள்.

குரலைத் துணியாக நெய்கிறவள் அவள். கம்ப்யூட்டர் வரைந்து தரும் ஒலி அலையைப் பார்த்து, சத்தம் ஏறும் இடத்தில் தடித்த நூல், இறங்கும் இடத்தில் மெல்லிய நூல், பேச்சில்லாத இடத்தில் வெறும் பட்டு. தடவினால் பேச்சு விரலில் மேடும் பள்ளமுமாக ஓடும். அதை ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் தேடி வந்திருந்தார்.

ஒரே மகன் சாலை விபத்தில் போய் நான்கு மாதம். அன்று காலை அவன் அப்பாவின் செல்போனுக்குப் பேசி அனுப்பிய பதினோரு விநாடிதான் மிச்சம். மனைவிக்கோ பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. மகனின் குரல் உடைந்து ஆண்குரல் ஆனதைக்கூடக் கேட்காதவள். விரலாலாவது கேட்கட்டும் என்று, அவளிடம் மூச்சுக்கூட விடாமல் இந்த ஏற்பாட்டைச் செய்தார்.

இன்றைக்குப் போனைத் திறந்தால் பதிவைக் காணோம். செல்போன் கடைக்காரனும் கையை விரித்துவிட்டான்.

“என் பாழாப்போன விரல்தான் பட்டிருக்கணும்,” என்றார்.

பொய்யை நெய்து பழக்கமில்லை என்று அவள் மறுத்துப் பார்த்தாள். அவர் வாதாடவில்லை, எழுந்து போகவும் இல்லை. கடைசியில் மைக்கை அவர் முன்னால் வைத்தாள். மகன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொன்னார்: “அப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க. சாப்பாட்டுக்கு வந்துடறேன்.”

மூன்று வாரம் கழித்து இருவருமாக வந்தார்கள். மகனின் பேச்சு என்று உதட்டசைத்துத் துணியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் நின்ற காரை நகர்த்தி வைக்க அவர் வெளியே போனார்.

அந்த அம்மாள் துணியைத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பிப் போய் மறுபடி வந்து, அங்கேயே நின்றது.

“நடுநடுவுல ஏம்மா வழவழன்னு இருக்கு?”

நெசவுக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அலையில் ஓர் இழைகூட மாற்றாதவள், அவர் மூச்சு வாங்கிய இடங்களையும் சேர்த்தே நெய்து வைத்திருந்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு என் பேரைச் சொல்லி முடிக்கவே ரெண்டு தடவை மூச்சு வாங்கினாரு இந்த மனுஷன்,” என்று அந்த அம்மாள் லேசாகச் சிரித்தாள். “இது என் பிள்ளை பேச்சு இல்ல.”

இனி மறைத்துப் பயனில்லை. உதட்டசைவு புரியும்படி நெசவுக்காரி நிதானமாகச் சொன்னாள்: பதிவு கை தவறி அழிந்துபோனது, அந்தக் குற்ற உணர்ச்சியில் அவர் பாதியாக இளைத்துப்போனது, எல்லாம் அவளுக்காகவே என்பது.

சிரிப்பு நின்றது.

“எனக்குக் குடுக்கவா அந்தப் பதிவை இங்க எடுத்துட்டு வந்தாரு?”

“ஆமாம்மா.”

அவள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தினமும் போனைக் காதுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. பிள்ளை அவருக்கு மட்டும் உயிரோட இருக்கற மாதிரி இருந்துச்சு, என்னால தாங்க முடியல,” என்றாள். “அழிச்சது நான்தாம்மா.”