பத்து லட்சத்து ஒன்று

“பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்தாம்மா. எதாலயும் வகுபடாது.”

மருந்து டம்ளரோடு வந்த அக்கா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சொன்னது அவள் தம்பி. கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அந்த எண் வகுபடும் என்பது அவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாவின் முகம் சிவந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்த கணக்கு டீச்சர். இப்போது மறதி நோய். பார்க்க ஓடிவந்த பெற்ற மகளையே ‘நர்சம்மா’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

“யாரு சொன்னா?” அம்மா நாற்காலிக் கையைத் தட்டினாள். மூச்சு வாங்கியது.

“நான்தான் சொல்றேன். எவ்வளவு பெரிய நம்பர், அதைப் போய் எது வகுக்கும்?”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

வந்ததிலிருந்து பார்க்கிறாள், தினமும் காலையில் இதே கூத்து. ஏதாவது ஒரு பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு வருவான். அதைப் பற்றி வேண்டுமென்றே தப்பாக எதையாவது சொல்லி அம்மாவைக் கொதிக்க வைப்பான். ரத்தக் கொதிப்பு ஏறக் கூடாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டதெல்லாம் காற்றோடு போயிற்று. சின்ன வயதில் வாங்கிய குட்டுக்கெல்லாம் இப்போதா பழி தீர்ப்பது?

“நினைவு தப்பினவங்களைச் சீண்டி வேடிக்கை பாக்குறியே, நீயெல்லாம் படிச்சவனா? பெத்தவ புத்தியை வெச்சு விளையாட உனக்கு எப்படிடா மனசு வருது?”

அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போவதாகவும், இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கப் போவதில்லை என்றும் பொரிந்து தள்ளினாள். தம்பியோ காதை மட்டும் அறைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றான். அந்த அலட்சியம் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

உள்ளே அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கடைசியிலிருந்து ரெண்டு ரெண்டு இலக்கமாக வெட்டணும். ஒண்ணைக் கூட்டணும், அடுத்ததைக் கழிக்கணும். மிச்சம் பூஜ்யம்.

சட்டென்று குரல் கணீரென்று எழும்பியது. வகுப்பறையில் கேட்ட அதே குரல்.

“நூத்தியொண்ணால வகுபடுதேடா மக்கு. நூத்தியொண்ணு பெருக்கல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணு. என் வயித்துல பொறந்துட்டு இதுகூடவா தெரியல? வா இங்க, பக்கத்துல உக்காரு.”

அக்கா அறைப் பக்கம் திரும்பினாள்.

“நாள் முழுக்க என்னை ‘நீங்க யாரு சார்’னுதான் கேக்குறாங்க” என்றான் தம்பி. “கணக்கைத் தப்பாச் சொன்னா மட்டும்தான் நான் அவங்க பிள்ளைன்னு ஞாபகம் வருது.”

அவள் கையிலிருந்த டம்ளரை மெல்ல வாங்கிக்கொண்டான்.

“நீயும் உள்ள வந்து தப்பா ஒண்ணு சொல்லிப் பாரேன்க்கா.”