காய் பிடிக்காத கொடி

ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழ்களை உரித்தெறிந்துவிட்டு, நடுவில் மிஞ்சிய மஞ்சள் தண்டை இன்னொரு பூவுக்குள் விட்டுப் பக்குவமாகத் தடவினார் வின்சன்ற். தேனீ வராவிட்டால் பூசணிப் பூக்களுக்கு மனிதன்தான் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில், முழங்கால் வலியோடு குனிந்து நின்ற அந்த மனிதரைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

குசினி ஜன்னலில் நின்று மகள் றொசானி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் அவ்வளவு நேரம் தடவினார்.

"இதாவது பிடிக்குமா அப்பா?"

"பாப்பம் மகள். மாதா விட்ட வழி."

கல்குடாவில் இந்தச் சாதிப் பூசணி வேறெந்த வளவிலும் இல்லை. ஆமை ஓடு மாதிரி முதுகு கட்டம் கட்டமாகப் புடைத்து, கரும்பச்சையாக இருக்கும். வெட்டினால் உள்ளே முட்டை மஞ்சட்கருவின் நிறம். வின்சன்றின் மனைவி மார்கிறட்டுக்குத் தாய்வழியில் வந்த விதை அது. மார்கிறட் போய்ச் சேர்ந்த பிறகு விதைப் போத்தல் அவரிடம் மிஞ்சியது. வீடு மிஞ்சவில்லை. ஊர் வழக்கப்படி அது றொசானியின் கல்யாணத்தோடு அவள் பெயருக்குப் போய்விட்டது.

அந்த வீட்டில் அவர் படுக்கும் அறையைக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட வேண்டுமென்று மருமகன் ஜொய்சன் ஒற்றைக் காலில் நின்றான். மட்டக்களப்பு டவுனில் முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்கு இடமும் பார்த்து வைத்தான். பங்குப் பாதர் அவர்களுடைய வீட்டுக்கு வந்து சமாதானம் பேசியபோது வின்சன்ற் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இந்தப் பூசணி ஒன்று காய்த்து முத்தட்டும், அதைப் பறித்த கையோடு போய்விடுகிறேன் என்றார். ஜொய்சனும் சரியென்று தலையாட்டினான். ஒரு பூசணிக்காய் எத்தனை நாளைக்குத்தான் வராமல் இருந்துவிடப் போகிறது?

வராமல் செய்யும் வித்தை வின்சன்றுக்குத் தெரியும். அவர் தடவியதும் ஆண்பூ, தடவப்பட்டதும் ஆண்பூ. பெண்பூ என்றால் அதன் அடியில் குட்டிக் காய் ஒன்று உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி எது தென்பட்டாலும், மகள் எழும்புமுன் கிள்ளிக் கோழிகளுக்குப் போட்டுவிடுவார். கிள்ளும்போது மனம் கிடந்து துடிக்கும். மார்கிறட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்ததைக் கிள்ளுவார். இவ்வளவு காலம் வாழ்ந்த வளவை விட்டுப் போய், மணி அடித்தால் சாப்பிட்டு மணி அடித்தால் படுக்கும் ஓரிடத்தில் கிடந்து சாவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது கண்ணூறுதான், பிய்ந்த செருப்பொன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வின்சன்ற் ஞாயிறு பூசைக்குத் தவறாத ஆள். ஆனாலும் ஜொய்சனின் கண்ணில் படும்படியாகத் தன் பழைய செருப்பை எடுத்துக் கட்டிவிட்டார்.

கொடியோ அடங்காப்பிடாரி. வேலியெல்லாம் படர்ந்து, றொசானி கருவாடு காயப்போடும் குளியலறைத் தட்டைக் கூரை வரைக்கும் ஏறிவிட்டது. ஏணியில் ஏற அவருடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சீமெந்துச் சூட்டில் அந்த நுனி தானாகவே கருகிப் போகும் என்று விட்டுவிட்டார்.

பூவைத் தடவி முடித்து அவர் நிமிர்ந்தபோது றொசானி பிளேன்ரீ கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய விரல் நுனிகளில் மஞ்சள் அப்பியிருந்தது. இந்நேரத்துக்கே மீனுக்கு மஞ்சள் தடவிவிட்டாளே, என் பிள்ளை எப்படி ஓடாய்த் தேய்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு இளகியது. அவர் குடித்து முடித்துக் கோப்பையைக் கொடுத்த பிறகுதான், மீன்காரனின் ஹோர்ன் சத்தம் சந்தியில் கேட்டது.

அனலடிக்கும் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கொடியின் அடி பழுத்து மஞ்சளித்தது. ஜொய்சன் பொறுமையிழந்து ஒருநாள் சத்தம் போட்டான். றொசானிதான் அவனை அடக்கினாள். பாதருக்கு முன்னால் பேசியது பேசியதுதான், அப்பா சொன்ன சொல் மாறமாட்டார், நாங்களும் மாறக் கூடாது என்றாள். தன் அறையில் படுத்திருந்து இதைக் கேட்ட வின்சன்றுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் பிறத்தியான், அவனிடம் என்னத்தை எதிர்பார்ப்பது. பெற்ற பிள்ளை தன் பக்கம் நிற்கிறதே, அது போதும் என்றிருந்தது.

கடைசியில் இலையெல்லாம் சருகாகிக் கொடி அடியோடு காய்ந்தது. அன்று காலை வின்சன்ற் விதைப் போத்தலைக் குலுக்கிப் பார்த்தார். மாரிக்கு ஒன்றாக ஊன்றி வந்தால் தன் காலம் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டார். சிரிப்பு வந்தது. அதை விழுங்கி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனார். றொசானி குளியலறைக் கூரையில் நின்றாள்.

"கொடி செத்திட்டு மகள். ஒண்டும் பிடிக்கல்ல. மாரிக்கு மறுகாவும் ஒண்டு ஊண்டிப் பாப்பம்."

வெயில் கண்ணில் குத்த, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார். அவள் குனிந்து சருகுகளை ஒதுக்கி, பாரமான எதையோ தூக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டாள். கருவாட்டுச் சுளகாக்கும் என்று நினைத்தார். எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில் அவள் சொன்னாள்:

"ஏணியக் கொஞ்சம் பிடிங்கப்பா. காய் முத்திட்டு."