இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு பாடம்

திரையில் அவர் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டூ எக்ஸ்ல வைங்க சார், அப்பதான் மண்டைல ஏறும்" என்று பிள்ளைகள் கேட்டதால் வீடியோ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. நேரில் அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினால் பதினொன்றாம் வகுப்பு நெளிகிறது. கொட்டாவி விடுகிறது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? தவழும்போதே போனைக் கையில் எடுத்த பிள்ளைகள்.

நிறுத்தி நிறுத்திப் பேசாவிட்டால் அவருக்குத் திக்கும்.

அது அவர்களுக்குத் தெரியாது. இத்தனை வருடங்களில் எந்த வகுப்புக்கும் தெரிந்ததில்லை. நிதானமான வாத்தியார் என்று பெயர் வாங்கி, அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்.

வீடியோவிலும் நிதானமாகத்தான் பேசியிருந்தார். அப்படியும் சிக்கிய இடங்களை மகள் வெட்டி எடுத்திருந்தாள்.

இப்போது அந்தக் குரல் மடமடவென்று ஓடுகிறது. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவர் பேச ஆசைப்பட்ட மாதிரியே பேசுகிறது.

வெட்கமில்லாமல் ரசித்தார். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வீடியோ முடிந்தது. எழுந்து முன்னால் போனார்.

முதல் பெஞ்சிலிருந்து தமயந்தி எழுந்தாள். இந்த வருடம் அந்த வகுப்பில் யாரும் சந்தேகம் என்று எதையும் கேட்டதில்லை.

"சார், மழை அவ்ளோ ஒசரத்துலேர்ந்து விழுதே, அப்புறம் ஏன் நம்ம தலையில குத்த மாட்டேங்குது?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரி ஒரு கேள்விக்காகத்தானே வாத்தியார் ஆனார்.

எல்லோரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

இழுத்தால் இவளும் கையைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தார். கடகடவென்று சொல்லிவிட நினைத்தார்.

"கா..."

"கா... கா..."

காற்று என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

தமயந்தி அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். நல்ல பெண். அவள் கட்டைவிரல் மட்டும், அவளையறியாமல், பெஞ்சின் மேல் இரண்டு தட்டுத் தட்டியது. வீடியோ இழுக்கும்போது பத்து வினாடி தாண்டிப் போவதற்காகத் திரையில் தட்டுவார்களே, அப்படி.

மறுபடியும் தட்டியது.

தாண்டிவிடாதா என்று அவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.