பாக்கி இல்லை

“ரெண்டு மாசமா அந்த பேங்க் வசூல்காரன் போனே பண்ணல. ஏன்?”

ஏ.சி. மெக்கானிக் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான். மனைவி தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“பண்ணினாலும் திட்டுறீங்க, பண்ணலேன்னாலும் திட்டுறீங்க. பாவம், அவர் என்னதான் பண்ணுவார்?”

“அவரா? அவனுக்கு எப்பலேர்ந்து மரியாதை?”

இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி அவள் சலித்திருந்தாள். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து சற்றுத் தாமதமாக வந்தால் “யார் கூட வந்தே?” என்பான். கைப்பையைத் துழாவுவான். போனைப் பார்த்துச் சிரித்தால் பிடுங்கிப் பார்ப்பான்.

சாப்பிட்டு முடித்ததும் அவனே வங்கிக்குப் போன் செய்தான். வேன் வாங்கிய கடன் அது. அவள்தான் ஜாமீன். தவணை நின்று போனதில் இருவர் பெயரும் கெட்டு, வேறெந்த வங்கியும் இருவருக்கும் கடன் தருவதாக இல்லை.

போனை வைத்தவன் அவள் முன்னால் வந்து நின்றான்.

“மொத்தக் கடனும் கட்டியாச்சாம். யார் கட்டினது?”

“நான்தான்.”

“பணம் ஏது?”

“வளையலை வித்தேன். மிச்சம் சம்பளத்துல சேர்த்தது.”

“யார் காதுல பூ சுத்துறே? வளையல் கையிலதானே கிடக்கு?”

“இது கவரிங்.”

அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பையில் கிடக்கும் பஸ் டிக்கெட்டைக்கூட விடாதவன் கண்ணில் இது மட்டும் படாமல் போயிருந்தது. கையை விட்டான்.

“பாதி கட்டினா மீதியைத் தள்ளிட்டு செட்டில் பண்ணிக்கிறோம்னு அவங்களே சொன்னாங்களே. நீ ஏன் முழுசா அழுதே? யார் சொல்லிக் கொடுத்தது?”

“கடைக்குக் கண்ணாடி மாத்த வந்த பேங்க் மேடம். கடன் ரெக்கார்டுல செட்டில்டுன்னு விழுந்தா, இவங்க முழுசா கொடுக்கலன்னு அர்த்தமாம். கடன் ஸ்கோர் அடிபட்டே கிடக்குமாம். முழுசா கட்டினாதான் குளோஸ்டுன்னு விழும். அப்பவும் பழைய தாமதமெல்லாம் கொஞ்ச வருஷம் அதுல தெரியுமாம். ஆனா பாக்கி இல்லேன்னு ஆயிட்டா, மெல்ல ஏற ஆரம்பிக்கும்.”

“மேடமா, சாரா?”

“மேடம்தான்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கெட்டுப்போன தன் பெயரை மீட்க வளையலை விற்று, வெறுங்கையை மறைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள்.

“எனக்காகவா இவ்வளவும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

வாசல் மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளைஞர்.

“பேங்க்லேர்ந்து வர்றேன் சார். வீட்டுக் கடன் விசாரணை. மேடம் இருக்காங்களா?”

அவன் திரும்பினான். அவள் கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பான். இன்று சிரித்துவிட்டான்.

“சொல்லாம கொள்ளாம வீடு வேறயா! கெட்டிக்காரிதான். உள்ள வாங்க சார், உட்காருங்க.” மின்விசிறியைத் தானே போட்டான்.

“ஜாமீன் போட்ட கடனால மேடத்தோட ஸ்கோர் இறங்கியிருந்தது. அது குளோஸ் ஆனதும் ஏற ஆரம்பிச்சிருக்கு, பிரச்சினை இல்ல.” இளைஞர் பேனாவைத் திறந்தார். “புது வீட்ல குடியிருக்கப் போறது எத்தனை பேர்?”

“நாங்க ரெண்டே ரெண்டு பேர்தான் சார்” என்று அவன் முந்திக்கொண்டான்.

“ஒருத்தர்னு எழுதிக்கோங்க” என்றாள் அவள்.