மாப்பிள்ளைத் தோழன்

"நான், மகள் லக்சிகா, மகன் வாகீசன், மாப்பிள்ளையின்ர தாய் ஜெயமலர், அவவின்ர தமையன் அருள்நாயகம். இந்த அஞ்சு பேரைத் தாண்டி இண்டைக்குக் கதைக்கிறது வெளியில போகக்கூடாது" என்று சண்முகலிங்கம் தொடங்கினார். வீட்டுக்குள்ளேயும் கோட்டு. கதிரையில் முதுகு சாயவில்லை.

கனடாவின் விட்பி நகரில் மூன்று நாளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. லக்சிகாவின் கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

"வெளியில போன கதையைக் கேட்டுத்தான் அண்ணை நாங்கள் வந்திருக்கிறம்" என்றார் ஜெயமலர். "உங்கட மகன் மாதாமாதம் கஞ்சா எண்ணெய் எடுக்கிறாராம். அவற்ர காருக்குள்ள போத்தலைக் கண்டது எங்கட சொந்தக்காரர்."

லக்சிகா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இல்லையென்று சொல்வான் என்றிருந்தாள்.

"ஓம் அன்ரி, எடுக்கிறனான்" என்றான் வாகீசன். "லீகல்தான். டொக்டர் எழுதிக் குடுக்கிற மருந்து. பழைய பயம் நெஞ்சை விட்டுப் போகாத ஆக்களுக்குக் குடுக்கிறது."

"இங்க பிறந்த உமக்கு என்ன தம்பி பழைய பயம்?" என்றார் அருள்நாயகம். "சின்னனில பனியில சறுக்கி விழுந்தனீரோ?"

தன் பகிடிக்குத் தானே சிரித்ததில் அவர் கை பட்டுத் தேநீர்க் கோப்பை தரையில் விழுந்து வெடித்தது. சண்முகலிங்கம் அசையவில்லை. முன்பென்றால் இந்தச் சத்தத்துக்கு அப்பா சுவரோடு ஒட்டி நின்றிருப்பார். வயது போகப் போக மனிதருக்கு ஒரு ஆறுதல் வந்துவிட்டது என்று நினைத்தபடி லக்சிகா கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

வாகீசன் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்கள் கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை" என்றார் ஜெயமலர். "இவர் தோழனா நிக்க வேண்டாம். அவ்வளவுதான்."

பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, மோதிரம் வாங்கி, தோழனாக மணவறையில் பக்கத்தில் இருக்க வேண்டும். சகோதரன் இருக்க வேறொருவன் தோழனானால் மண்டபத்தில் உள்ள நானூறு பேரும் ஏனென்று கேட்பார்கள்.

"என்ர மகனுக்குப் பக்கத்தில ஒரு கஞ்சாக்காரன் இருக்க ஏலாது. இதுவும் உங்கட முகத்துக்காகத்தான் அண்ணை. ஊரில ஆமி முகாமில பதினொரு மாதம் அடி வாங்கியும் கலங்காமல் வந்த மனுசன் எண்டு உங்களை ஊரே கதைக்கும். உங்களுக்கு இப்பிடியொரு பிள்ளை."

லக்சிகா எழுந்தாள். "தம்பி தோழனா வராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்."

"அக்கா, சும்மா இரு" என்றான் வாகீசன். "நான் மண்டபத்துக்கே வரேல்லை. ஆரும் கேட்டால் எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

சண்முகலிங்கம் மெல்ல எழுந்து நின்றார். கோட்டின் பொத்தானைப் பூட்டப் பார்த்தார். இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் பூட்டினார்.

"தங்கச்சி, நீங்கள் கேட்டு வந்த கதை பிழை. மருந்து இவனுக்கில்லை, எனக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு இவனிட்டைச் சத்தியம் வாங்கினதும் நான்தான்."

தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"மற்றக் கதையும் பிழை. அந்த முகாமிலயிருந்து நான் கலங்காமல் வரேல்லை."