மூன்றாம் தூணில் கடல்

கடலைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். வன்மையாகக் கண்டிக்கத்தக்க மூடநம்பிக்கை இது. பெரிய தபால் நிலையம் வரை போனால் போதும். மூன்றாம் தூணில், முழங்கால் உயரத்தில், கடல் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்து எழுதியவருக்கு வீட்டில் கல்லுளிமங்கன் என்று பெயர். நகரத்தின் படிக்கட்டு, தூண், கழிவறைத் தரை என்று இருபது வருடமாகக் கல்லைப் பார்த்து எழுதுகிறவர். தண்ணீர் தெளித்தால் கல் கறுக்கும். உள்ளே உறைந்த சிப்பிகள் கண் விழிக்கும். அப்போது அவருக்குத் தெருவில் போகும் பஸ் அலையடிப்பதுபோல் கேட்கும்.

"கல்லைக் கண்டா உங்களுக்குப் பொண்டாட்டியைக் காணோம்" என்பார் மனைவி.

அவருடைய ஒரே புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிற நேரத்தில் பதிப்பாளருக்கு ஒரு நிலவியல் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது.

'மூன்றாம் தூணில் இருக்கும் சுருள் பதினைந்து கோடி வருடத்து உயிரினம் அல்ல. சிமென்ட்டில் யாரோ ஆணியால் கிறுக்கியது. இந்த அழகில் மற்ற அத்தியாயங்களை எப்படி நம்புவது?'

பதிப்பாளர் போனில் இழுத்தார். "இது நிஜம்னா ரெண்டாம் பதிப்பே வேண்டாம் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

"நான் கண்ணால பார்த்தேன்!"

"கனவு கண்டிருப்பீங்க" என்றார் மனைவி. சொன்னபிறகு கணவர் முகத்தைப் பார்த்தார். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். "போய்ப் பார்த்துட்டு வாங்க."

தபால் நிலையம் மதியத் தூக்கத்தில் இருந்தது. மூன்றாம் தூணின் முன் மண்டியிட்டுத் தண்ணீர் தெளித்தார். சுற்றிலும் சிப்பிகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமென்ட் பூச்சு மட்டும் விழிக்கவில்லை. அதன்மேல் ஒரு சுருள். கொசுவத்திச் சுருள்போல ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே அகலம்.

"நத்தையா சார் தேடறீங்க? அதேதான், நல்லாப் பாருங்க" என்றார் வாசல் காவலாளி, பெருமையாக.

"இங்க இருந்தது நத்தை இல்லைய்யா. கணவாய் மீனுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா. இந்தக் கிறுக்கல் ரெண்டுமே இல்லை. எந்தப் படுபாவி கிறுக்கினான்?"

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். "நான்தான் சார்."

"நீயா? ஒரு மனுஷனோட இருபது வருஷ உழைப்பு! உன் மேலதிகாரி எங்கே? புகார் குடுக்கறேன்."

"குடுங்க. கேட்டுட்டுக் குடுங்க. போன வருஷம் சுவிட்ச் பெட்டி மாட்ட வந்தவங்க துளை போட்டதுல நிஜ நத்தை தூள்தூளாப் போச்சு. சிமென்ட்டை அப்பிட்டு, பெட்டியை அந்தப் பக்கச் சுவத்துல மாட்டிட்டுப் போயிட்டாங்க."

"அதுக்கு?"

"இதைப் பத்தி ஒருத்தர் புத்தகம் எழுதியிருக்கார் சார். அதைக் கையில வெச்சுக்கிட்டு ஆளுங்க வருவாங்க. தேடுவாங்க. காணோம்னதும், 'எழுதினவன் புளுகியிருக்கான்'னு சிரிச்சுட்டுப் போவாங்க. உடைஞ்சு போச்சுன்னு நான் சொன்னா எவன் நம்பறான்? பதினோரு வருஷமா இதுக்கு எதிர்லதான் உக்கார்ந்திருக்கேன். அந்த மனுஷன் புளுகன் இல்லை சார். மனசு கேக்கலை. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து ஆணியால கீறிட்டேன்."

வெளியே ஒரு பஸ் போனது. அலை வந்து தூணில் மோதித் திரும்புவதுபோல் இருந்தது.

"சுருள் வெளியே வர வர அகலமாகணும்" என்றார் எழுத்தாளர்.

"அப்படியா சார்? எனக்கு ஞாபகத்துல இருந்தது இவ்வளவுதான்."

தான் யார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பதிப்பாளருக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். இரண்டாம் பதிப்பு அந்தத் திருத்தத்தோடு வந்தது:

'மூன்றாம் தூணில் இருந்தது உடைந்துவிட்டது. இப்போது இருப்பதன் வயது ஒன்றரை வருடம். தூணில் உள்ளவற்றில் இதுவே இளையது. தவறாமல் பார்க்க வேண்டியதும் இதுவே. வாசல் காவலாளியைக் கேட்டால் காட்டுவார்.'

காவலாளி இப்போதெல்லாம் வேலைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவருகிறார். ஒன்று குடிப்பதற்கு.