இடது கையால் ஒரு சரி

ஆபாசப் படம் பார்த்தும் கெடாத மூளை மாத்தளை மாவட்டத்திலேயே ஒன்றுதான், அது நளீமுடையது. வகுப்பில் அவனே அறிவித்துவிட்டான். ரிவர்ஸ்டன் மலையிலிருந்து இறங்கிய பனி ஜன்னல் கண்ணாடியை மூடியிருக்கிறது. பேர் எழுத வேண்டாம் என்று சொல்லி, பிரவீனா மிஸ் ஆய்வுக் கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டே போகிறார். நளீமுக்குப் பக்கத்தில் ஜீவராஜ் இடது கையால் சரி போடுகிறான். “வலது கையால நான் போடுற சரி எப்படியிருக்கும்னு மிஸ்ஸுக்குத் தெரியும்டா.” “சரியைப் பார்த்து ஆளைப் பிடிப்பாங்களா மச்சான்? பயந்தாங்கொள்ளி!” நளீம் சிரித்துக்கொண்டே தாளைப் பார்க்கிறான். ‘இப்படங்கள் மற்றவர்களைக் கெடுக்கின்றனவா?’ ஆம் என்று பளிச்சென ஒரு சரி. ‘உங்களை?’ பேனா நிற்கிறது. மிஸ் ஏன் இந்தப் பக்கமே பார்க்கிறார்? வாப்பாவின் கடையில்தானே மாசிக்கருவாடு வாங்குகிறார்? மிஸ் திரும்பியதும் நளீம் பேனாவை இடது கைக்கு மாற்றி, ‘ஆம்’ கட்டத்தில் கோணலாக ஒரு சரி போடுகிறான்.